பச்சைக் கட்டம்

வயர்மேன் வீட்டில் ட்யூப்லைட் கிடையாது. எட்டு மாடிக் கட்டடத்தில் அத்தனை ட்யூப்லைட்டுக்கும் பொறுப்பான மனுஷன், தன் வீட்டில் மட்டும் நாற்பது வாட் குண்டு பல்பில் காலம் தள்ளுகிறார். ‘விளக்குக்குக் கீழேதான் இருட்டு’ என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரித்து வைப்பார். வீட்டுக் கதையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய முடியுமா?

காரணம் அவர் மகள். ஒன்பது வயதில், பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவுக்கு நின்றவள், அடுத்தடுத்து நாலைந்து ஃபிளாஷ் அடித்ததும் இரண்டாம் வரிசையிலிருந்து சரிந்து விழுந்தாள். வலிப்பு. படபடவென்று அடிக்கும் வெளிச்சம் அவளுக்கு ஆகாது என்றார் டாக்டர். அன்று மாலையே வயர்மேன் ஏணி போட்டு வீட்டு ட்யூப்லைட்டுகளைக் கழற்றினார். டிவியை மைத்துனன் வீட்டுக்குத் தள்ளிவிட்டார். எங்கே கேமராவைக் கண்டாலும் மனைவி ஓடிப்போய்ப் பிள்ளையின் கண்ணைப் பொத்திவிடுவாள். பாப்பா என்று கூப்பிடப்படும் அந்தப் பிள்ளைக்கு இப்போது பதினேழு வயது. எட்டு வருஷமாக அவள் வளர்ந்ததற்கு வீட்டில் ஒரு துண்டுப் படம்கூடச் சாட்சிக்குக் கிடையாது.

கடைசியாக வலிப்பு வந்து இருபது மாதம் ஆகியிருந்தது. “ரெண்டு வருஷம் சுத்தமா வராம இருந்தா மாத்திரையைக் குறைச்சிடலாம். ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கவும் நானே எழுதித் தரேன்” என்று டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். ரத்தப் பரிசோதனைப் படிப்பு. ஊர் விட்டு ஊர் போய்த் தங்க வேண்டும். பாப்பா விண்ணப்பப் படிவத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டாள். சுவர்க் காலண்டரில் தினமும் காலையில் எழுந்ததும் ஒரு நாளை அடிப்பாள். அதை அடிக்காமல் பல்கூடத் துலக்கமாட்டாள்.

போகப்போகிற பிள்ளை. போவதற்குள் அவள் தலை சீவுவதை, அம்மாவோடு மல்லுக்கு நிற்பதை, சன்னலோரம் உட்கார்ந்து படிப்பதையெல்லாம் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று வயர்மேனுக்கு வெறியே பிடித்துவிட்டது.

நாலு சனிக்கிழமை கேமராக் கடைக்கு நடந்தார். கையால் ஃபோகஸ் வைக்கும் கேமரா அவருக்கு ஒத்துவராது. வயசுக்கேற்ற கண். பாப்பாவும் ஒரு இடத்தில் நிற்கிற ஜாதி இல்லை. ஆட்டோஃபோகஸ்தான் வேண்டும், ஆனால் ஃபிளாஷ் இல்லாமல், குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். இரண்டாவது சனிக்கிழமை பையிலிருந்து நாற்பது வாட் பல்பையும் ஹோல்டரையும் எடுத்தார். கடை விளக்குகளை அணைக்கச் சொல்லி, கடைக்காரரையே பல்புக்குக் கீழே உட்காரவைத்தார்.

“சார், வீடு வாங்குறவங்ககூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்க” என்றார் கடைக்காரர், அசையாமல் உட்கார்ந்தபடி.

லென்ஸில் சிக்கலே வரவில்லை. ஜூம் லென்ஸைக் கடைக்காரர் தலையில் கட்டப் பார்த்தார். அந்த இருட்டில் அது செல்லுபடியாகவில்லை. ஐம்பது எம்.எம். லென்ஸ் ஒன்று இருந்தது. “இது இழுக்காது, தள்ளாது. கிட்ட வேணும்னா நீங்கதான் நடக்கணும். ஆனா வாய் பெருசு சார், இருக்கிற வெளிச்சத்தை வாங்கிடும்.” அதுவே முடிவாயிற்று.

கேமராவில்தான் இழுபறி. பழையது ஒன்று, அதில் ஃபிளாஷே கிடையாது. ஆனால் பல்பு வெளிச்சத்தில் ஃபோகஸ் பிடிக்க முன்னும் பின்னும் கர் கர் என்று தேடிக்கொண்டே இருந்தது. புதியது ஒன்று; சத்தமில்லாமல் ‘சட்’டென்று பிடித்தது. அதன் தலையில் மூடிபோல ஒரு ஃபிளாஷ் படுத்திருந்தது.

“இது எழுந்திரிக்காதே?”

“இந்தத் திருகுல பச்சைக் கட்டம் இருக்கு பாருங்க, அதுக்குப் போகாத வரைக்கும் எழுந்திரிக்காது. பச்சைக் கட்டம் ஒண்ணும் தெரியாதவங்களுக்கு. கண்ணை மூடிக்கிட்டு அழுத்தினாப் போதும், எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்.”

இங்கே வயர்மேனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுவிட்ச் அணைந்திருக்கிறது என்று கடவுளே வந்து சொன்னாலும் அவர் வயரைத் தொடமாட்டார். அந்த லைனின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் தொடுவார். வேலை முடியும்வரை அடிக்கொரு தடவை பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். இருபத்தைந்து வருஷப் பழக்கம். அப்படிப்பட்டவர் புதிய கேமராவை வாங்கினார். வாங்கின கையோடு ஃபிளாஷ் மூடியின்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டவும் செய்தார். அதுவரை எல்லாம் சரி.

முதல் ரோல் வந்தபோது பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்பா, என் காது மட்டும் ஜோரா விழுந்திருக்கு!” பாதிப் படம் ஆட்டம், மீதி மங்கல். ஆனாலும் ஒவ்வொன்றையும் பல்புக்குக் கீழே பிடித்து நெடுநேரம் பார்த்தாள். தன் முகத்தைப் படத்தில் பார்த்து எட்டு வருஷமாயிற்றே. வயர்மேன் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் தினமும் எடுத்தார். கை திருகுக்குப் பழகிவிட்டது. வெயிலில் டேப்பின் பசை இளகி விரலெல்லாம் பிசுபிசுத்தது. ஒருநாள் உரித்துப் போட்டார். புதிய டேப் சுருள் சட்டைப்பையிலேயே இருந்தது. பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டார்.

காலண்டரில் இன்னும் பத்தொன்பது நாள் பாக்கி. மழை மூடின ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை.

“அப்பா, ஒரு படத்துலகூட நீங்க இல்ல. வாங்க, அம்மா எடுக்கட்டும்.”

“எனக்கு அதெல்லாம் வராது. கோணலாப் போயிடும்” என்றாள் மனைவி.

“நீ சும்மா அழுத்து. அதுவே பாத்துக்கும்” என்று வயர்மேன் திருகைப் பச்சைக் கட்டத்துக்கு மாற்றிக் கொடுத்தார். படம் மங்கக்கூடாது, மனைவி வெட்கப்படக்கூடாது, இது ரெண்டுதான் அவர் மண்டையில் இருந்தது. பாப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

மூடி துள்ளி எழுந்தது. இருட்டில் ஃபோகஸ் பிடிக்க அது முதலில் படபடபடவென்று அடித்தது. மனைவி பயந்துபோய் விரலை எடுப்பதற்குப் பதில் அழுத்திவிட்டாள். கடைசியாக ஒரு பெரிய வெளிச்சம்.

ஆஸ்பத்திரியில் வலிப்பு நிற்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. “இனி முதல்ல இருந்துதான் எண்ணணும்” என்றார் டாக்டர். எண்ணவே முடியவில்லை. அந்த மாதமே மூன்று தடவை வந்தது. மாத்திரையைக் கூட்டினார்கள். பாப்பாவின் பேச்சு மெதுவாகிவிட்டது. பாதி வாக்கியத்தில் நின்று, என்ன சொல்ல வந்தேன் என்று அம்மா முகத்தைப் பார்ப்பாள். காலண்டரை அடிப்பதை அவள் விட்டுவிட்டாள். எதற்காக அடித்தாள் என்பதே அவளுக்கு நினைவில்லையோ என்று வயர்மேனுக்குத் தோன்றும்.

“நான்தானே அழுத்தினேன்” என்பாள் மனைவி.

“திருகைத் திருப்பிக் கொடுத்தவன் நான்” என்பார் அவர். பழியை ஒருவரிடமிருந்து ஒருவர் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தார்கள். அது இருவருக்கும் போக மீதி இருந்தது.

நாலு மாதம் கழித்து, கேமராவுக்குள் கிடந்த ஃபிலிமை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனார். பாப்பா நன்றாக இருந்த நாட்கள் அதில் இருக்கின்றன. அதையும் பூஞ்சை பிடிக்கவிட மனசு வரவில்லை.

லேப்காரர் படங்களை மேசையில் பரப்பினார். “எல்லாம் ஆடிப்போச்சு சார். இது ஒண்ணுதான் ஜம்முனு வந்திருக்கு. ஃபிளாஷ் இருக்கில்ல உங்க கேமராவுல? எல்லாத்துக்கும் போட்டிருக்கலாமே.”

கத்தி வைத்ததுபோல் தெளிவு. பாப்பா வாய் கொள்ளாமல் சிரிக்கிறாள். இமை மயிர் ஒவ்வொன்றையும் எண்ணலாம். இன்னும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் வயர்மேன், பழக்க தோஷம், சட்டைப்பையை ஒரு கையால் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டேப் சுருள் துணிக்கு மேல் புடைத்துக்கொண்டு தெரிகிறது.

கிழித்துப்போட நினைத்தார். கை வரவில்லை. வீட்டுக்கு வந்து அலமாரியில், அந்த விண்ணப்பப் படிவத்துக்கு அடியில் சொருகினார். மறுநாள் பாப்பா அதை எடுத்துக்கொண்டு பல்புக்குக் கீழே நின்றாள்.

“அப்பா, இது... எப்ப எடுத்தது?”

அந்த மாலையில் ஒரு துளிகூட அவளிடம் மிச்சமில்லை என்பது அப்போதுதான் வயர்மேனுக்குத் தெரிந்தது.

“எவ்வளவு நல்லா இருக்கேன், பாருங்க. இதுமாதிரி இன்னொண்ணு எடுங்கப்பா.”

“ஃபிலிம் தீர்ந்துபோச்சும்மா” என்றார்.

“வாங்கிட்டு வாங்க” என்றாள் பாப்பா. தலையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.