எக்ஸ்ரே அக்காவின் ஒன்பது சாம்பல்

"மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க... ஆடக் கூடாது..."

இதைக் குடுவையிடம் சொல்லிவிட்டுத்தான் எக்ஸ்ரே அக்கா பிரஷ்ஷையே தொடுவாள். மண்குடுவை எந்த மூச்சைப் பிடிக்கும், எங்கே ஆடும் என்றெல்லாம் கேட்கக் கூடாது. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, இருபத்தெட்டு வருஷமாக நாளுக்கு அறுபது பேரிடம் சொல்லி வாயில் ஊறிப்போன வசனம். "விடலாம்" என்று அவள் முடிக்கிற வரைக்கும் பெயின்டிங் வகுப்பில் மற்றவர்களும் தங்களையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு தடவை அவள் "விடலாம்" சொல்ல மறந்துபோய், கூடப் படிக்கிற பத்திரம் எழுதுகிறவர் முகம் சிவந்து இருமித் தள்ளிய கதை இன்னும் அங்கே ஓடுகிறது.

டயர் கடைக்கு மேல்மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலை நடக்கும் ஆயில் பெயின்டிங் வகுப்பு அது. கீழேயிருந்து ரப்பர் வாசனை ஏறும், மேலேயிருந்து டர்பன்டைன் வாசனை இறங்கும், இரண்டும் படிக்கட்டு நடுவில் மல்லுக்கு நிற்கும். வாத்தியாருக்கு முப்பது வயதிருந்தால் அதிகம். அக்கா அவரைத் "தம்பி" என்பாள். அவர் குறை சொல்லும்போது மட்டும் "சார்".

வாத்தியாரிடம் ஒரே சட்டம்தான். கறுப்பு, வெள்ளை, இரண்டையும் கலந்தால் வருகிற சாம்பல், இவற்றை மட்டும் வைத்து ஒரு மனுஷத் தலையைப் போட வேண்டும். வாசலில் நின்று பார்த்தாலும் அது ஒரு ஆள் என்று தெரிய வேண்டும். அதுவரை கலர் டியூப்பின் மூடியைத் திருகக் கூடாது. "கலர் நகை மாதிரிக்கா. போட்டுக்க மொதல்ல ஒரு ஆளு வேணும்ல?" என்பார். ஒரு பொருள் என்ன நிறம் என்பதை மறந்துவிட்டு, எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்று மட்டும் பார்க்கிற வித்தை. அதற்கு அங்கே பெயர் டோன்.

முதல் நாள் பாடம், வெள்ளையிலிருந்து கறுப்புவரை ஒன்பது படிகளாகச் சாம்பல் கலப்பது. மற்றவர்களுக்கு மூன்று வாரம் ஆனது. அக்கா முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டாள். வாத்தியார் தான் கலந்து வைத்திருந்த மாதிரி அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தன் அட்டையைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எங்கக்கா கத்துக்கிட்டீங்க?"

"நுரையீரல்ல. ஒரு நெஞ்சுப் படத்துல இத விட ஜாஸ்தி சாம்பல் இருக்கும் தம்பி."

இத்தனை சுத்தமாகக் கலக்கத் தெரிந்தவளுக்கு அதை எங்கே வைப்பது என்பதில்தான் ஏழரை. எக்ஸ்ரேயில் எது கனமோ அது வெளுப்பு, எது காலியோ அது கறுப்பு. கை அப்படித்தான் பழகியிருந்தது. ஜன்னல் வெளிச்சம் குடுவையின் வயிற்றில் விழுந்து மினுங்கிக்கொண்டிருக்க, அக்கா விளிம்பையும் அடியையும் பளிச்சென்று போட்டு வயிற்றைக் கறுப்பாக்கி வைத்திருந்தாள். விளிம்பிலும் அடியிலும்தானே மண் தடிமன்!

பத்திரக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏங்க, இது குடுவையா, குடுவைக்கு எடுத்த எக்ஸ்ரேயா? எங்கயாச்சும் ஒடஞ்சிருக்கான்னு சொல்லிட்டீங்கன்னா கட்டுப் போட்டுடலாம்."

"அடியில, இந்தப் பக்கம், லேசா ஒரு விரிசல் இருக்கு" என்றாள் அக்கா, தலையைத் திருப்பாமல்.

சிரித்துக்கொண்டே தூக்கிப் பார்த்தார்கள். இருந்தது.

கண் அப்படி. ஆனால் முகத்தை மட்டும் அந்தக் கண் பிடித்து வைக்காது. காய்கறிக் கடையில் யாராவது வணக்கம் சொன்னால் விழிப்பாள். அவர் நாலடி நடந்து போனதும், "அட, இடது முட்டி!" என்று பிடித்துவிடுவாள். இன்னும் ஒரு வருஷத்தில் ரிட்டயர். "நாலஞ்சு லட்சம் பேர உள்ளுக்குள்ள பாத்துட்டேன், ஒரு மூஞ்சி ஞாபகத்துல இல்லீங்க. ஒண்ணையாச்சும் வெளிய இருந்து ஒழுங்கா பாத்துடணும்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லித்தான் வகுப்பில் சேர்ந்தாள்.

எட்டு மாதம் போனது. எல்லோரும் கலருக்கு ஏறிவிட்டார்கள். பத்திரக்காரர் போட்ட வாழைப்பழத்தைப் பார்த்தால் கண் கூசும். வீட்டுக்காரர் ஆசையாக வாங்கித் தந்த பன்னிரண்டு கலர் டியூப்புகள் மட்டும் பெட்டியில் மூடி திறக்காமல் கிடந்தன. "வகுப்போட இந்தத் தவணை முடியறதுக்குள்ள ஒரு தலை தேறலன்னா, பெட்டிய யாருக்காச்சும் குடுத்துடலாங்க" என்றாள். சொன்னால் செய்கிறவள்.

தலைக்கு ஆள் வெளியே தேடவில்லை. வீட்டுக்காரர் முடிதிருத்துகிறவர். "ஐயாயிரம் தல வெட்டினவன் நான்... முடியச் சொல்றேன்" என்று புது ஆட்களிடம் அறிமுகம் செய்துகொள்வார். நல்ல கறுப்பு, அதில் அவருக்கு ஒரு மனக்குறை. சமையலறை ஜன்னலோரம் வெள்ளைச் சட்டையோடு உட்காரும்போதே சிபாரிசு தொடங்கிவிடும். "கொஞ்சம் வெளுப்பாவே போடும்மா. வெள்ளை டியூப்பு முழுசா இருக்குல்ல, என்கிட்ட என்ன கஞ்சத்தனம்?"

முதல் தலையில் கன்னத்து எலும்பும் தாடையும் ஜொலித்தன. அதைப் பார்த்துவிட்டு, "நான் இன்னும் போகலம்மா, இங்கதான் இருக்கேன்" என்றார். இரண்டாவதில் அவர் பேச்சைக் கேட்டு வெள்ளையை அள்ளிப் பூசினாள். வாத்தியார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அண்ணன் மாவு மில்லுக்குப் போயிட்டு வந்தாராக்கா?" என்று கேட்டார். மூன்றாவதை முடிக்கிற வரைக்கும் பார்க்கவே கூடாது என்று வீட்டுக்காரருக்குத் தடை போட்டாள்.

"கண்ணச் சுருக்கிப் பாருங்கக்கா" என்று வாத்தியார் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அக்காவுக்கு அது புரியவேயில்லை. "சுருக்கினா மயிரிழை விரிசல் தெரியாதே சார்?"

"தெரியக் கூடாதுன்னுதானேக்கா சுருக்கச் சொல்றேன்!"

இந்த ஒரு பதில் ஒரு வாரம் அவளைத் தூங்கவிடவில்லை. ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கத்தானே இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தார்கள்? ஒளிந்திருப்பதை ஒளிந்திருக்க விடு என்றால் எப்படி?

தவணையின் கடைசி ஞாயிறுக்கு முந்தின நாள், வீட்டுக்காரரை உட்கார வைத்தவள், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்தாள். புருவம், மூக்கு, சுருக்கம், எல்லாம் கரைந்துபோயின. மேலே ஒரு கறுப்பு, கீழே ஒரு வெளுப்பு. வெளுப்பில் ஜன்னலுக்கு முதுகு காட்டி நிழலில் கிடந்த சட்டை மடிப்பைப் பார்த்தாள். பிறகு வெளிச்சம் நேராக விழுந்த நெற்றியைப் பார்த்தாள். மறுபடி மடிப்பை. நம்பிக்கை வரவில்லை. பெயின்ட் கலக்கும் கத்தி முனையில் ஒரே ஒரு சாம்பல் உருண்டை கலந்து, பாதியை நெற்றியில் வைத்தாள், பாதியைச் சட்டையில் வைத்தாள். இரண்டும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டன.

"ஏங்க! உங்க நெத்தியும் சட்டை மடிப்பும் ஒரே டோனுங்க!"

அவர் பதறிக் காலரைத் தூக்கிப் பார்த்தார். "சட்டை அவ்ளோ அழுக்காவா இருக்கு?"

"அதில்லீங்க. நெத்தியில அவ்ளோ வெளிச்சம் இருக்கு."

அவர் காலரை இறக்கி நீவிவிட்டு, இரண்டு மணி நேரம் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். முகத்துக்கு என்று அக்கா தனி வெள்ளை ஒரு பொட்டுகூட எடுக்கவில்லை. இருட்டுப் பக்கத்துக் கன்னமும் பின்னாலிருந்த அலமாரி நிழலும் ஒரே கறுப்பாக ஒட்டிக்கொண்டன. ஒட்டட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் படத்தை ஸ்டாண்டில் ஏற்றினார்கள். வாத்தியார் வாசலுக்குப் போய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். பத்திரக்காரர் கிட்டே வந்து எண்ணிப் பார்த்தார். "ஒரு காதக் காணோமே?"

"இருக்கு. இருட்டுல இருக்கு" என்றாள் அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னாள். பெயின்ட் துடைக்கிற துணியை மட்டும் கை முறுக்கிக்கொண்டே இருந்தது.

கீழே டயர் கடையில் கதையடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், நேரமாகிறதே என்று அப்போதுதான் படியேறி வந்தார். வாத்தியார் ஒதுங்கி வழிவிட்டார். அக்கா வீட்டுக்காரர் முகத்தையே பார்த்தாள்.

அவர் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே போய் நின்றார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, அதில் காதுக்கு மேல் துருத்திக்கொண்டிருந்த முடியைத் தன் தலையில் தேடி, இரண்டு இழுப்பு இழுத்துப் படிய வைத்தார்.