அங்கிளின் வெறுங்கால்

அந்த அங்கிளை நினைத்தாலே அவருடைய வெறுங்கால்கள்தான் முதலில் கண்முன் வருகின்றன. வெளியே பனி கொட்டிக்கிடந்த ஜனவரிக் காலையில், சென்னைச் சித்திரையில் நிற்பவர்போல வேட்டி பனியனோடு கதவைத் திறந்தார். வாசலில் நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன்.

நியூ ஜெர்சியில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஆறு வீட்டுக் கட்டிடத்துக்கு அவர்தான் ஓனர். ஓய்வுபெற்ற இன்ஜினியர். எங்களுக்கு நேர் மேல்வீட்டில் தனியாக இருந்தார். முதலில் எல்லா வீட்டுக்கும் பேஸ்மென்ட்டில் ஒரே பாய்லர், ஹீட் வாடகையோடு சேர்த்தி. நாங்களும் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை. ஊரான் வீட்டு நெய்யே, பொண்டாட்டி கையே என்று, மீன் வறுக்கும்போதெல்லாம் நடுக்குளிரில் ஜன்னலை அகலத் திறந்துவைப்போம். அங்கிள் பார்க்கிங்கில் நின்று அண்ணாந்து பார்ப்பார். "ஹீட்டுக்கு நீங்களே பே பண்ணுங்க, ஜன்னல் தானா மூடிக்கும்" என்றார் ஒருநாள். சொன்னபடியே அடுத்த குளிருக்குள் வீட்டுக்கு ஒரு ஹீட்டர், வீட்டுக்கு ஒரு மீட்டர் வந்துவிட்டது. வாடகை மட்டும் இறங்கவே இல்லை.

அப்போது மகள் பிறந்து இரண்டு மாதம். ஹீட்டர் நாள் முழுக்க ஓடியும் வீடு சூடேறவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டித் துவட்டுவதற்குள் பிள்ளை வெடவெடவென்று நடுங்குவாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும். ஹீட்டரில் கோளாறு என்று சொல்லத்தான் அன்று மேலே போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தால் தரை வெதுவெதுவென்றிருந்தது. சுவரில், ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கும் அவருடைய தெர்மோஸ்டாட் அணைந்திருந்தது.

"நான் ஹீட்டே போடறதில்லம்மா, பழகிடுச்சு" என்றார், ஏதோ விரதம் இருப்பவர்போல.

"அங்கிள், இது எங்க வீட்டு ஹீட்."

"சூடு மேலதானேம்மா போகும்? அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

இத்தனை வருஷம் இன்ஜினியராக இருந்த மனுஷனுக்கு என்ன பண்ணலாம் என்று தெரியாதா? லீஸ் முடிந்ததும் காலி செய்துவிட்டோம். அதன்பின் எத்தனையோ பேரிடம் இந்தக் கதையைச் சொல்லி அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

மகள் இப்போது காலேஜில். ஒரு அபார்ட்மென்ட் கட்டிடத்தில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு மேல்வீடு. கீழ்வீட்டுக்குப் புதிதாக ஒரு தமிழ்ப் பெண் கைக்குழந்தையோடு குடிவந்திருக்கிறாள். போன வாரம் லாண்டரி ரூமில் பார்த்தபோது, "எங்க வீடு சூடே ஆக மாட்டேங்குது ஆன்ட்டி, உங்களுக்கும் அப்படியா?" என்று கேட்டாள்.

இல்லையே என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். இந்தக் குளிருக்குத் தெர்மோஸ்டாட்டை நான் இன்னும் தொடவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குனிந்து பார்த்தேன். காலில் சாக்ஸ்கூட இல்லை.