மாற்று உலகத்து அப்பா

எங்கள் வீட்டு டிவியில் சாயந்தரம் ஒரு கார்ட்டூன் வரும். பச்சை அங்கி மாட்டிய ஒரு பையன், சுவர் வெடிப்பு வழியாக நுழைந்து மாற்று உலகத்துக்குப் போவான். அங்கே எல்லாருக்கும் இங்கே உள்ளவர்களின் அதே முகம், ஆனால் ஆள் வேறு. அங்கிருந்து ஒரு போலி கிளம்பி வந்து, அசல் ஆளை அங்கே பூட்டிப் போட்டுவிடும். பையன் பறந்து போய் மீட்பான். பேசுவது தமிழ்தான், எந்த ஊர்த் தமிழ் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். என் மகள் வாய் பிளந்து பார்ப்பாள். அந்த நேரத்தில் அடுக்களைச் சோலி முடியட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அதற்கு நன்றாக அனுபவித்தேன்.

என் வீட்டுக்காரருக்கு மஸ்கட்டில் வேலை. மகள் தவழ்கிற வயதில் போனவர். ஃபோனிலேயே முகம் பார்க்கிற வசதி எங்களுக்கு வராத காலம், 2010 வாக்கில் இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் கம்ப்யூட்டரில் முகம் காட்டுவார். அவளும் ஸ்கூல் கதை முழுக்கச் சொல்லி, திரைக்கு முத்தம் கொடுத்து எச்சிலாக்கி வைப்பாள். அவளுக்கு ஐந்து வயதானபோதுதான் ஒரு மாத லீவு கிடைத்து வந்தார். டாக்சியில் இருந்து இறங்கிக் கையை நீட்டினார். அவள் என் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள்.

"இது அப்பா இல்ல. மாத்து உலகத்துலேருந்து வந்த ஆளு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவளிடம் ஆதாரமும் இருந்தது. கம்ப்யூட்டர் அப்பா நெட்டை, இவர் குட்டை. கம்ப்யூட்டர் அப்பா குறட்டை விட்டதே இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், இவர் வந்த நாள் முதல் அப்பா கம்ப்யூட்டரில் வரவே இல்லை. "அப்பாவ எங்க பூட்டி வச்சிருக்காவ?" என்று சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

கல்யாண ஆல்பத்தைக் காட்டினேன். போலிக்கும் அதே முகம்தானே என்றாள்! "ஏட்டி, ஒனக்கு கிறுக்கா?" என்று நான் கையை ஓங்க, அவர்தான் தடுத்தார்.

"பிள்ளைய வையாத. திரும்பிப் போறதுக்குள்ள ஒரு தடவ அப்பான்னு கூப்பிட்டா போதும்."

யாருக்காக இந்த மனுசன் அங்கே வெயிலில் கிடந்து சாகிறார்?

அவர் கோபப்படவில்லை. மீனில் முள் எடுத்துத் தட்டோரம் வைப்பார், அவள் தின்பாள். ஸ்கூல் வேனுக்குக் குடை பிடித்து நிற்பார், அவள் குடைக்குள் வருவாள். போகப் போகத் தோளிலும் ஏறிக்கொண்டாள். ஆனால் கூப்பிடுவது மட்டும், நான் கூப்பிடுகிற மாதிரியே "இஞ்ச பாருங்க" என்றுதான்.

லீவு முடியப்போகிற சமயத்தில் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"தக்கலைல பிரவுசிங் சென்டர்ல இருந்து கூப்பிடுகேன். வீட்டுல இருக்கதும் நான்தான்னு நானே சொல்லுகேன். கம்ப்யூட்டர்ல சொன்னா நம்புவா."

எனக்கும் சரி என்று பட்டது. மீன் வாங்கப் போவதாக மகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

திரையில் முகம் தெரிந்ததும் அவள் ஒரே குதி. "அப்பா! ஒங்கள பூட்டிப் போடலியா?"

"இல்ல மக்களே, நல்லா இருக்கேன். பொறவு, நம்ம வீட்டுல வந்திருக்க ஆளு..."

அவரை முடிக்க விட்டால்தானே! "அவிய நல்லவிய அப்பா. மீன்ல முள்ளு எடுத்துத் தருவாவ. தோள்ல தூக்கி வச்சுக்கிடுவாவ." வாசலைத் திரும்பிப் பார்த்தாள், மீன் வாங்கப் போனவர் வந்துவிட்டாரா என்று. பிறகு திரைக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டு போனாள்.

"அப்பா, நீங்க அங்கினயே இருந்துக்கிடுங்க. இவிய இங்க இருக்கட்டும். இவியள போவச் சொல்லாதீங்க, என்னா?"

அடுத்த செவ்வாய்க்கிழமை அவருக்கு டிக்கெட். அவளிடம் நாங்கள் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"அம்மா, நெட் போச்சு. அப்பா அசையவே மாட்டேங்காவ."

எட்டிப் பார்த்தேன். நெட் போகவில்லை. அவருக்குப் பின்னால் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.