பால் வற்ற வாங்கிய மல்லிகை

வலது அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு எனக்கு ஒரு கட்டி வந்தபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். எழுபதுகளில், வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் நானும் கணவரும் வேலை பார்த்த காலம். கையைத் தூக்கினால் வலித்தது. சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடித்தது. யாரிடமும் காட்டக்கூடிய இடமா அது? பால் கொடுக்கும்போது நான் முகம் சுளித்ததைப் பார்த்துக் கணவரின் அக்காதான் கண்டுபிடித்தார். அவரை மதினி என்று கூப்பிடுவேன்.

“பால் கட்டிருக்கு, புள்ள. நல்லாக் குடிக்க விடு, கரஞ்சிரும்” என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். பால் கொடுக்கிறவளுக்கு அந்தப் பக்கம் எது வீங்கினாலும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அது பால் கட்டுதான்.

கட்டி கரையவில்லை, பெரிதானது. மதினியின் பேச்சும் மாறியது. எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்காரிக்குக் கழுத்தில் இப்படிக் கட்டிகள் வந்து, காசநோய் என்று மலைக்குக் கீழே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவள் குழந்தை ஆட்டுப்பாலில் வளர்ந்துகொண்டிருந்தது.

“இனிமே புள்ளைக்குக் குடுக்காத. பாலுல நோவு எறங்கிரும்” என்றார் மதினி.

அன்றே நிறுத்தினேன். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. மகள் கேழ்வரகுக் கூழைத் துப்பிவிட்டு என் சேலையையே பிடித்து இழுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளை மதினியிடம் கொடுப்பேன்.

மகளையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, பஸ்ஸை விட்டு இறங்கியதும் மதினி முதலில் மல்லிகைப் பூ வாங்கினார். பால் வற்ற மார்பில் மல்லிகை வைத்துக் கட்டுவது வழக்கம். அது மலையில் விளையாது, கீழே கம்பம் ஊரிலிருந்து பஸ்ஸில் ஏறி வரும்.

“டாக்டரப் பாத்துட்டு வர்றதுக்குள்ள வித்துப்போயிரும்” என்று பொட்டலத்தை என் மடியில் வைத்தார்.

டாக்டர் மலையாளி, வயதானவர். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், கழுத்தையும் கட்டியையும் தடவிப் பார்த்தார். பிறகு கையை நீட்டச் சொன்னார். என் கையெல்லாம் ஏலக்காய்க் கறை. அவர் சொன்னதும் நர்ஸ் ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் தேய்த்தார். கறை போன இடத்தில், புறங்கையில் ஒரு நீளக் கீறல். நடுவில் ஆறாத சிவப்புக் கொப்புளம்.

“இது பூச்ச மாந்தியதல்லே?”

பூனை கீறியதா என்று கேட்கிறார். தலையாட்டினேன். காய் உலர்த்தும் ஸ்டோரில் எலிக்காக ஒரு பூனை உண்டு. அது தன் குட்டிகளை வெப்பக் குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கும். அடுப்பு மூட்டிக் கதவைச் சாத்துமுன் குட்டிகளை அள்ளி வெளியே விடுவது என் வேலை. அதில் ஒன்று கீறியிருந்தது. விறகும் கூடையும் தினம் கீறுகிற கையில் அதை யார் கணக்கில் வைத்தார்கள்?

“குட்டியோட நகம் வழி கிருமி உள்ள கேறும். சிலர்க்கு இங்ஙனே கட்டி வரும். தானே கொறயும், கொஞ்சம் நாள் எடுக்கும். கொறஞ்சில்லேன்னா திரும்ப வா. காசநோய் மாதிரி எனக்குத் தோணல.”

மதினி கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது.

“பாலு... குடுக்கலாமா?”

“எந்தா?” டாக்டர் காதைச் சாய்த்தார்.

மறுபடி கேட்டேன். இந்த முறை வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

“தாராளமாக் குடு. நிறுத்தினது எதுக்கு? பூச்சயத் தொட்டா கை கழுகிட்டுக் குழந்தையத் தூக்கு, அது மதி, போதும்.”

வராந்தா மூலையில் உட்கார்ந்தேன். மதினி முந்தானையை விரித்து மறைத்து நின்றார். மகள் கடித்தாள். வலித்தது, ஆனால் அவளை விலக்கவில்லை. அவள் குடிக்கிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“எலியப் பிடிக்க வச்ச பூன, எங்க வீட்டுப் பொண்ணையில்ல பிடிச்சிருக்கு!” என்றார் மதினி. அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பிறகு என் மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

“இத என்ன செய்ய?”

“தலையில வச்சுக்கிருவோம், மதினி.”

சரத்தை இரண்டாகக் கிள்ளினார். எனக்குத்தான் கையைத் தலைக்குமேல் தூக்க முடியவில்லை. அவரே என் கொண்டையில் செருகிவிட்டார். பால் குடித்து முடித்த மகள் எட்டி, ஒரு பூவைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.