தேவனஹள்ளி வழியாக ஓமலூர்

தை மாதத்துப் புதன்கிழமை, காலை நாலே முக்கால். மர்பி டவுனில் எங்கள் வீட்டு வாசலில் டாக்ஸி வந்து நின்றது. என் வீட்டுக்காரரின் தங்கை கவிதாவின் மகனுக்கு, ஓமலூர் அருகே குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இருக்கிற ஒரே மாமன் இவர்தான். முகூர்த்தம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அதற்கு மேல் இராகுகாலம்.

முதல் நாளே பஸ்ஸில் வந்துவிடச் சொல்லி கவிதா கெஞ்சினாள். ஓமலூரிலேயே இறக்கிவிடும் பஸ், நாலு மணி நேரம். இவரோ, "வானத்துல நூத்தறுபது கிலோமீட்டர்தான், அம்பது நிமிஷம்" என்று ஆளுக்கு இரண்டாயிரத்து அறுநூறு கொடுத்து விமான டிக்கெட் போட்டுவிட்டார். நான் தடுத்திருக்கலாம். எனக்கும் ஜன்னல் சீட்டு ஆசை.

டாக்ஸி ஓட்டியவர் ஸ்ரீராம்புரத்துத் தமிழர். "சேலம் தெக்கால இருக்கு. நீங்க வடக்கால முப்பத்தஞ்சு கிலோமீட்டர் போறீங்களே சார்?" என்றார்.

"பிளைட் அங்கதானப்பா நிக்குது" என்றார் இவர், பெரிய மிடுக்கோடு.

தேவனஹள்ளி விமான நிலையத்தை நெருங்கும்போதே முன்னால் போன லாரி தெரியவில்லை. அப்படியொரு பனி. எட்டு பத்துக்குக் கிளம்ப வேண்டிய விமானம். மணி ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. கவிதா போன் செய்யும்போதெல்லாம் "இதோ ஏறப் போறோம்மா" என்றார். குழந்தைக்கு வாங்கிய தங்கத் தோடு இருந்த கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அதைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் போய்விட்டது.

பதினொன்று ஐந்துக்குத்தான் மேலே எழுந்தோம். ஆசைப்பட்ட ஜன்னல் கிடைத்தது. கீழே எங்கள் வீட்டுக்குப் பக்கத்து அல்சூர் ஏரி தெரிந்தது. விடியுமுன் கிளம்பி, இத்தனை நேரம் கழித்து எங்கள் வீட்டு மேலேயே பறந்துகொண்டிருந்தோம்! காட்டலாமென்று திரும்பினேன். இவர் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பதினொன்று ஐம்பதுக்குச் சேலம் விமான நிலையம். சொன்ன ஐம்பது நிமிடம்கூட ஆகவில்லை. அங்கிருந்து டாக்ஸி பிடித்துக் கோயிலை அடைந்தபோது பன்னிரண்டு இருபது.

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை தருண், அவன் சித்தப்பா மடியில் விசும்பிக்கொண்டிருந்தான். தோடுதான் எங்கள் பையில் இருந்ததே. காதில் ஆசாரி மெல்லிய கம்பியை மாட்டிவிட்டிருந்தார்.

"பன்னெண்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கிற வரைக்கும் பாத்தோம்ண்ணா" என்றாள் கவிதா. அழுது முடித்த குரல். "அவன் மாமா பிளைட்ல வர்றாருன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்தேன்."

பிறகு அவளே, "பரவால்ல, மடியில வெச்சுக்கோங்க. ஒரு போட்டோவாவது எடுத்துக்கலாம்" என்றாள்.

ஆசாரி ஊசியை எடுத்துக் குத்துவதுபோல் குனிந்தார். மறுபடியும் குத்தப் போகிறார்கள் என்று குழந்தை அலறி, சித்தப்பாவைப் பார்த்துக் கையை நீட்டியது. இவர் குழந்தையை மடியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேமராவுக்குச் சிரித்தார். என்னால் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் திரும்பினோம். கிருஷ்ணகிரி தாண்டும்போது கவிதா அந்தப் படத்தை அனுப்பினாள். இவர் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். ஆசாரியின் ஊசி காதுக்குப் பக்கத்தில் இருந்தது. காதில் கம்பி ஏற்கெனவே இருந்தது.

"பெரியவனானா இதைப் பாத்துக் கேப்பான்ல, விஜயா?" என்றார்.

பஸ் சரியான நேரத்துக்கு ஓசூர் வந்து சேர்ந்தது.