கதவோரத்திலிருந்து மணவறை வரை

புஷ்பம் மிஸ் காலமாகிவிட்டார் என்று பத்து பெரண்டாம் ஊரில் இருக்கும் மகள் போனில் சொன்னாள். உடனே அழுதால் மூச்சு வாங்கும் என்பதால் முதலில் உட்கார்ந்தேன். பிறகு நன்றாகவே அழுதேன். மிஸ் பார்த்திருந்தால் இரண்டையும் சரி என்றிருப்பார்.

மிஸ்ஸிடம் போய் வந்த நாங்கள் எல்லோரும் நெஞ்சு நோய்க்காரர்கள். நான் நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கூடத்தில் இருபத்தாறு வருஷம் நின்றவன். போதாதென்று சிகரெட்டும் பிடித்தேன். ஆனால் நோயைவிடப் பயம்தான் என்னை அதிகம் படுத்தியது. மூச்சு கொஞ்சம் முட்டினாலே செத்துவிடுவேன் என்று நினைப்பேன். அந்த நினைப்பிலேயே இன்னும் முட்டும். வெளியே போவதே நின்றுவிட்டது. டாக்டர் என்னை மனநல ஆலோசகரான மிஸ்ஸிடம் அனுப்பினார்.

மனசுக்கு வைத்தியம் என்றால் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் பைத்தியம் என்றுதான் அர்த்தம். அதனால் மிஸ் ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது, இன்சூரன்ஸ் ஏஜெண்ட் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தேன். எதிர்வீட்டு அக்கா தன் பழைய பாலிசியோடு வந்து நின்றார். மிஸ் கண்ணாடியைப் போட்டு அதை முழுக்கப் படித்து, பொறுமையாக விளக்கி அனுப்பினார். "மிஸ்டர் பெருமாள், உங்கட வெட்கத்தாலை எனக்கு இண்டைக்கு ரெண்டு வேலை" என்றார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பேச்சில் அது போகவே இல்லை.

எங்கே போனாலும் நான் கதவோரம்தான் உட்காருகிறேன் என்பதைக் கண்டுபிடித்தவரும் அவரே. மூச்சு முட்டினால் ஓடத் தயாராக இருக்கிறேனாம். ஓடினால் இன்னும் அல்லவா வாங்கும் என்று கேட்டார். வாராவாரம் தன் அறையில் என் நாற்காலியை ஒரு முழம் உள்ளே தள்ளிப் போட்டார். உதட்டைக் குவித்து மெல்ல ஊதக் கற்றுக்கொடுத்தார். வேண்டுமென்றே படியேற வைத்து, பக்கத்தில் நின்று, மூச்சு தானாக அடங்குவதைக் காட்டினார். ஒவ்வொரு முறையும் "செத்தாச்சோ?" என்பார். "இன்னும் இல்ல மிஸ்" என்பேன்.

அப்போதுதான் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சிம்பாங் அம்பாட்டில் மண்டபம். கதவு ஒரு கோடி, மணவறை மறுகோடி. மச்சானே தாரை வார்க்கட்டும் என்றார்கள் உறவுக்காரர்கள். தப்பித்தோம் என்று நானும் தலையாட்டினேன். மகள் விடவில்லை. "நீங்க கைபிடிச்சுக் குடுக்காம எனக்குக் கல்யாணமே வேணாம்ப்பா" என்றாள். மிஸ்ஸிடம் போய்ப் புலம்பினேன். சாவதைவிட, நாலு பேர் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு தவிப்பதுதான் என் பெரிய பயம் என்பது அன்றுதான் வெளியே வந்தது. பார்த்தால் பார்க்கட்டுமே என்றார் அவர்.

கல்யாணத்தன்று மகளின் கையைப் பிடித்திருக்கும்போது ஹோமப் புகை என் பக்கம் திரும்பியது. மூச்சு வாங்கியது. ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். மச்சான் பாய்ந்து வந்தார். இரண்டாவது வரிசையில் இருந்த மிஸ் மட்டும் எழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சானைக் கைகாட்டி நிறுத்திவிட்டு மெல்ல ஊதினேன். மண்டபமே காத்திருந்தது, காத்திருக்கட்டும் என்று விட்டேன். பிறகு நானே தாரை வார்த்தேன்.

பந்தியில், ஏன் உதவிக்கு வரவில்லை என்று மிஸ்ஸைக் கேட்டேன். "நான் எழும்பியிருந்தா நீங்கள் படுத்திருப்பீங்கள்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கினார்.

அவருடைய அடக்கத்தன்று தேவாலயத்தில் அவர் தம்பி பேச எழுந்தார். பாதியில் அழுகை வந்து நின்றுவிட்டார். சிலர் தண்ணீரோடு ஓடினார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்தபடியே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டு, அக்காவைப் பற்றி மீண்டும் பேசத் தொடங்கினார். பதறாமல் கூட இருப்பது: மிஸ்ஸிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.