எங்களிடம் நாய் இல்லை

என் நாய் செத்தது உங்களால்தான், அண்ணை. நான் கயிறு போடாமல் விட்டதால் செத்தது என்று கோயிலில் காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிகிறீர்கள். அது பொய்.

போன வருஷம் அந்த ஒரு கிழமை முழுக்க நானும் மனைவியும் லண்டனின் தெற்கு விளிம்பில், சக்கரம் வைத்த வண்டிவீடுகள் நிற்கிற ஒரு கேரவன் தளத்தில் தங்கியிருந்தோம். லண்டன் என்றுதான் பெயர். சுற்றிவரப் புல்வெளியும் செம்மறிகளும். வேலிக்கு அப்பால் பழைய பிரபு குடும்பம் ஒன்றின் மாளிகையும் அதன் நிலங்களும். நாயைக் கூட்டிப்போக விடுகிற இடம் என்பதால் அதைப் பிடித்தோம். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போன பிறகு, மோர்டனில் இருக்கிற எங்கள் வீட்டில் எங்களோடு மிஞ்சியது அது ஒன்றுதான். காலையில் மாளிகை மதிலோரம் நடப்போம். அது முன்னால் ஓடும். நாங்கள் வருகிறோமா என்று நின்று பார்த்துவிட்டு மறுபடி ஓடும். வேறொன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருக்கத்தான் போனோம்.

அப்பாவின் திவசம் அந்தக் கிழமைக்குள் வந்தது. ஒரு நாளைக்கு வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். உங்களை அங்கே வரச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

டூட்டிங் தமிழ்க் கடையில் வாழையிலையும் மரக்கறியும் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினீர்கள்.

"வீடு வாசல் கிடக்க, தகரப் பெட்டிக்குள்ள வந்து படுக்கிறியள். அகதி முகாமில கிடந்தது காணாதோ?"

"உங்களுக்கும் ஒரு கட்டில் கிடக்கு அத்தான், படுத்துப் பாருங்கோ" என்றாள் மனைவி.

"நாய் படுத்த கட்டிலோ?"

எல்லோரும் சிரித்தோம். நீங்களும்தான்.

அந்தச் சின்ன அடுப்பில் அவள் எல்லாக் கறியும் வைத்தாள். அப்பாவின் படத்துக்கு முன்னால் படைத்தோம். நாங்கள் சாப்பிட முன் காகம் சாப்பிட வேண்டும். ஒரு துண்டு இலையில் சோறும் கறியும் வைத்து, கேரவன் படியில் கொண்டுபோய் வைத்தீர்கள். மோர்டனில் சனிக்கிழமை விரதச் சோற்றைக் காகத்துக்கு ஷெட் கூரையில்தான் வைப்போம். காகம் கொத்தி விழுத்துவதெல்லாம் நாய்க்கு. காகத்தைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டால் தனக்குச் சோறு என்று அதற்குத் தெரியும். நீங்கள் "கா, கா" என்று கூப்பிட்டீர்கள். நாய் வந்தது.

"அப்பான்ர சோத்தில நாய் வாய் வைச்சிட்டுது!"

செருப்பைக் கழற்றி எறிந்தீர்கள். முதுகில் பட்டது. அடி வாங்கிப் பழகாத நாய். வேலிக்குள்ளால் புகுந்து மாளிகைப் பக்கம் ஓடிவிட்டது.

"அதுக்கு என்ன தெரியும், அண்ணை? வேற இலை போடுவம்."

"உனக்கு அப்பாவோ நாயோ?"

நான் ஒரு பக்கமும் மனைவி மற்றப் பக்கமும் தேடிப் போனோம். நீங்கள் புது இலையோடு படியடியிலேயே இருந்துவிட்டீர்கள். மதிலோரம் கூப்பிட்டுக்கொண்டு நடந்தபோது ஒரு வெடிச்சத்தம் கேட்டது. பயிரில் இறங்கும் பறவைகளைக் கலைக்க வைக்கிற வெடி அந்தக் கிழமை முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதுவாக்கும் என்று நடந்தேன்.

இருவரும் நாயில்லாமல் திரும்பி வந்தபோது உங்கள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"காகம் வந்து திண்டிட்டுது. அப்பா வந்திட்டார். இருந்து சாப்பிடுங்கோ. நாய் பசிச்சா வரும்."

சாப்பிட்டோம். கத்தரிக்காய்க் குழம்பு வாயில் இருக்கும்போதே போன் அடித்தது. மாளிகை நிலத்தைப் பார்க்கிற வெள்ளைக்காரர். நாயின் தோலுக்கடியில் பதித்திருந்த அடையாளச் சிப்பை வைத்து என்னைக் கண்டுபிடித்திருந்தார். குட்டி ஈன்ற செம்மறிகளை நாய் துரத்தியதாம். ஆட்டுக்காரர் சுட்டுவிட்டாராம்.

எங்கள் கேரவன் எது என்று கேட்டுவிட்டுப் பிறகு அவர் சொன்னது எனக்கு மனப்பாடம். "சுடுவதற்கு முன்னால் உங்கள் கேரவனுக்கும் வந்தேன். உங்கள் நாய் என்றால் வந்து கூப்பிடுங்கள், ஆட்டுக்காரர் துவக்கோடு நிற்கிறார் என்றேன். எங்களிடம் நாய் இல்லை என்று அங்கிருந்தவர் சொன்னார்."

உங்களைப் பார்த்தேன். கதவில் நாயின் கயிறு தொங்கியது. உங்கள் காலடியில் அதன் தண்ணீர்க் கோப்பை.

"கொண்டுவந்து விட்டா திருப்பியும் இலையில வாய் வைக்குமெண்டு நினைச்சன். அவன்ர இங்கிலீசு ஆருக்கு விளங்குது?"

சனத்துக்காகக் கவுன்சிலில் இங்கிலீசில் வாதாடுகிறவர் நீங்கள். ஹீத்ரோ விமான நிலையத்தில் நான் வந்திறங்கி நின்றபோது, "இவன் என் தம்பி" என்று அதிகாரியிடம் சொன்னவரும் நீங்கள். அந்த ஒரு வசனத்தால்தான் இந்த நாட்டில் நிற்கிறேன். நாய்க்கும் அப்படி ஒரு வசனம் போதுமாக இருந்தது. அதுதான் என்னைத் தின்கிறது. நீங்கள் கெட்டவர் என்றால் விட்டுவிட்டுப் போயிருப்பேன்.

அதன் பிறகு நாங்கள் கேரவனுக்குப் போகவில்லை. கயிறு இன்னும் காரில் கிடக்கிறது. மனைவி எடுக்க விடமாட்டாள். சனிக்கிழமைகளில் காகம் விழுத்துகிற சோறு முற்றத்திலேயே கிடந்து காய்கிறது. அன்றைக்குத் திவசச் சாப்பாட்டை நான் விழுங்காமல் இருந்திருக்கலாம்.

இந்த வருஷத் திவசம் கோலியர்ஸ் வுட்டில், உங்கள் வீட்டில். சொந்தக்காரர் எல்லோரும் வருவார்கள். நானும் வருவேன். காகத்துக்கு வைக்க முன், அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லுங்கள், அண்ணை: அந்த மனிதர் உங்களிடம் என்ன கேட்டார்? நீங்கள் என்ன சொன்னீர்கள்?